கூடினே

எங்கள் ஊரில் நாற்பத்தொரு பேருக்குக் கால்தடம் விழாமல் போயிற்று. ஊர் என்றால் தாளப்பாறை, மலைப்பாதை முடிகிற பாலத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே, முப்பத்தெட்டு வீடு, நூற்று நாற்பத்து மூன்று ஆட்கள். நான் முப்பத்தொரு வருடம் காட்டிலாகாவில் தடம் எண்ணுகிற வேலை பார்த்தவன். யானை எத்தனை, காட்டெருமை எத்தனை, குட்டியோடு போனது எத்தனை என்று ஈரமண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, எண்ணுவது நிற்கவில்லை. ஆகவே நாற்பத்தொன்று என்பது குத்துமதிப்பு அல்ல.

எங்கள் பேச்சில் கூடினே என்று ஒரு சொல் இருக்கிறது. வந்து சேர்ந்துவிட்டாய், எங்களோடு உட்கார் என்று அதற்கு அர்த்தம். அதை உயிரோடு இருக்கிறவர்கள் சொல்வதில்லை. முன்னால் போனவர்கள் புதிதாக வந்தவரைப் பார்த்துச் சொல்வது அது. அவர்களுக்கு வாய் இல்லை என்பதால் ஊரில் ஒருவர் தன் வாயை அந்த ஒரு நேரத்துக்கு இரவல் கொடுக்க வேண்டும். குழியில் இறக்கிய பிறகு, மண் தள்ளுவதற்கு முன், இறந்தவரின் தலையில் கை வைத்து, பெயர் சொல்லி, கூடினே என்று ஒரு தடவை. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். சொன்னதும் மண் ஆளை எடுத்துக்கொள்ளும். என் அப்பா வாய் கொடுத்தார், அவருக்குப் பின் என் அண்ணன் தொட்டன், அண்ணனுக்குப் பின் நான்.

அண்ணனைப் புதைத்த அன்று, அடிவாரத்துக் கல்லூரியில் வரலாறு நடத்துகிற சபாபதி சார் வந்திருந்தார். செருப்பை வேலியோரம் கழற்றிவிட்டு, படம் எதுவும் எடுக்காமல், கை கட்டி நின்றார். இறங்கும்போது என் பக்கத்தில் நடந்துகொண்டே, அண்ணனிடம் கடைசியாகச் சொன்னீர்களே, அந்தச் சொல் மிகவும் அழகாக இருந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வந்தவரை ஏற்றுக்கொள்கிற சொல் என்றேன். வரவேற்கிற சொல்லா என்றார். ஆமாம் என்றேன். யார் வரவேற்பது என்று அவர் கேட்கவில்லை. குழியருகே நின்றுவிட்டுத் திரும்புகிற ஒருவருக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்குப் பேச்சு வராது. பேசிய அளவில் பொய் எதுவும் இல்லை.

அடுத்த ஆகஸ்டில் கல்லூரியில் பழங்குடியினர் நாள் கொண்டாடினார்கள். எங்கள் ஊரிலிருந்து மூன்று பேரை ஜீப் வைத்து அழைத்துப்போய், மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சால்வை போர்த்தினார்கள். சபாபதி சார் உங்கள் மொழியிலேயே உங்களை வரவேற்கிறேன் என்று மைக்கில் சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து, பெயர் சொல்லி, கூடினே என்றார். நான் பந்தலின் கடைசியில் நின்றிருந்தேன். எனக்கும் மேடைக்கும் நடுவே இருபத்திரண்டு வரிசை நாற்காலி இருந்தது. அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற நினைப்பில் எனக்குக் கால் எழவில்லை. மேடையில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூப்பிட்டு, உட்காரவைத்து, சால்வையும் போர்த்திய மனுஷரிடம் நாங்கள் இன்னும் சாகவில்லை என்று எப்படிச் சொல்வது, மரியாதையாக இருக்காதே என்று அவர்களில் ஒருவனான ஜடையன் பிறகு சொன்னான்.

ஜீப் பாலம் வரைதான் வரும். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான்கு பேர் ஏறினோம், நான் கடைசி. முன்னால் மூன்று பேர் மிதித்துப் போன சேற்றில் ஒரு தடமும் இல்லை. ஊர் சேர்ந்த பிறகு தனியாக இறங்கிவந்து மறுபடி பார்த்தேன். பாலத்திலிருந்து முதல் வளைவு வரைக்கும் இருநூற்றுப் பத்துத் தடம் இருந்தது, அத்தனையும் வலது கால் பெருவிரல் விலகிய என்னுடைய தடம்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் எல்லோரும் அந்த மூன்று பேரின் காலையே பார்த்தார்கள், நான்காம் நாள் விட்டுவிட்டார்கள். மண் அவர்களைச் சேர்ந்தவர்களாக ஏற்கெனவே எண்ணிக்கொண்டுவிட்டது, அதனால் அவர்கள் கனம் அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் பசித்தார்கள், தின்றார்கள், சண்டை போட்டார்கள். நாய் மட்டும் அவர்கள் வரும்போது குரைப்பதில்லை. இன்னொன்றும் தெரியவந்தது: அட்டை அவர்களைக் கடிப்பதில்லை. ஆடி மழையில் எங்கள் காட்டில் ஒரு தடவை ஓடைக்குப் போய்வந்தால் காலில் இருபது அட்டை இருக்கும், சிலருக்கு முப்பது. அவர்கள் காலில் ஒன்றுகூட இல்லை. இது தெரிந்ததும் அடுத்த வருடம் சால்வைக்கு யார் போவது என்பதில் போட்டி வந்துவிட்டது. எனக்கு மூட்டுவலி, நான்தான் போவேன் என்று ஒருவரும், நீ ஜீப்பில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவள், பேசாமல் இரு என்று இன்னொருவரும் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். எனக்கு இது நல்லதாகப் படவில்லை. சொல்ல நினைத்தேன். நினைத்ததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டாம் வருடம் நான்கு பேர், மூன்றாம் வருடம் ஐந்து, நான்காம் வருடம் ஐந்து. அந்த ஐந்தில் கடைசி ஆள் என் மனைவி கெம்பி. அட்டை கடித்தால் அவள் கால் முழங்கால் வரை வீங்கிப்போய் நான்கு நாள் அரிப்பில் தூங்கமாட்டாள். நீ போக வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். அவள் தலையை முடிந்துகொண்டே, "உனக்கென்ன, யானைத் தடத்தைக் கோலால் அளந்துகிட்டுத் திரிவே. சொறியிறது நானில்ல?" என்று கேட்டாள். மேடையில் அவள் பாடினாள். அறுநூறு பேர் கைதட்டினார்கள். திரும்பும்போது என் தடத்துக்குப் பக்கத்தில் அவள் தடம் இல்லாமல் வந்தது. முப்பத்தாறு வருடமாக அந்தத் தடத்தைப் பார்த்தே நான் அவள் எங்கே போயிருக்கிறாள் என்று கண்டுகொள்வேன், அன்றிலிருந்து கூப்பிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

விழாவும் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. மூன்றாம் வருடத்திலிருந்து அதற்குக் கூடினே விழா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பேனரில் அந்தச் சொல், மாணவர்கள் போட்ட பனியனில் அந்தச் சொல், வாசலில் கோலப்பொடியில் அந்தச் சொல். சபாபதி சார் சொல்லச் சொல்ல அதற்கு ஒரு ராகம் வந்துவிட்டது. கடைசி எழுத்தை மேலே தூக்கி நீட்டுவார், மாணவர்கள் அதே நீட்டலோடு திருப்பிச் சொல்வார்கள், உடனே கைதட்டு. பெயர் சொல்லாமல், தலையில் கை வைக்காமல் மொத்தமாகச் சொன்னதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் ஷூ போட்டு சிமெண்டில் நடப்பவர்கள், சரிபார்க்க வழியில்லை. எங்கள் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து வேனில் ஏற்றிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்து, அந்தச் சொல் வந்தால் கைதட்ட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். ஐந்தாம் வருடம் நான்கு பேருக்குச் சால்வை, ஆறாம் வருடம் ஆறு, ஏழாம் வருடம் ஐந்து.

அதற்குள் ஊரில் சில வேலைகள் நடக்காமல் போயின. சுவர் எழுப்ப மண் குழைத்தால் சால்வை வாங்கியவர்கள் மிதித்த மண் குழையவில்லை, கொட்டினபடியே கிடந்தது. பாதைகளில் புல் ஏறியது. ஓடைக்குப் போகிற பாதை, தேனடைப் பாறைக்குப் போகிற பாதை, புதைகாட்டுக்குப் போகிற பாதை என்று ஊரிலிருந்து ஐந்து பாதை புறப்படும். நடந்தவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள், ஆனால் புல்லுக்கு அது தெரியவில்லை. வன உரிமைப் பட்டாவுக்காக நில அளவைக்காரர்கள் வந்தபோது, இங்கே ஆள் நடமாட்டம் இல்லையே என்று மூன்று பாதையைக் காகிதத்தில் அடித்துவிட்டுப் போனார்கள். அப்போதும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலை ஜடையன் செத்தபோதுதான் வந்தது.

அது ஏழாம் வருட மார்கழி. காலையில் குழி வெட்டினார்கள். இடுப்பளவு ஆனதும் பாடையைத் தூக்கத் திரும்பினார்கள், திரும்பிப் பார்த்தால் குழி இல்லை, தரை தரையாக இருந்தது. மறுபடி வெட்டினார்கள். மூன்று தடவை வெட்டி மூன்று தடவையும் அப்படியே ஆனது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜடையனின் தலையில் கை வைத்தேன். அவனுக்குரிய சொல்லை ஆறு வருடத்துக்கு முன்பே மைக்கில் சொல்லியாகிவிட்டது. எனக்கு நாக்கு எழவில்லை. சேர்ந்தாகிவிட்டது என்று எண்ணிய ஆளை மண் இரண்டாம் தடவை ஏற்குமா? வெயில் ஏறுவதற்குள் அவனைப் பாறைமேல் கிடத்திக் கல் அடுக்கி மூடினோம். நூற்றுப் பன்னிரண்டு கல். அவன் மனைவி ஒவ்வொரு நாளும் போய்க் கல் இடுக்கில் நரி தோண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறமாவது சால்வைக்குப் போவது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கல்லூரியிலிருந்து ஜீப் வந்து நிற்கும்போது போகமாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் போகாவிட்டால் அந்த நாற்காலி மேடையில் காலியாக இருக்குமே, கூப்பிட்டவர் முகம் வாடுமே என்று பார்த்தார்கள். எட்டாம் வருடம் ஐந்து, ஒன்பதாம் வருடம் நான்கு. ஆக நாற்பத்தொன்று. ஜடையனுக்குப் பிறகு இரண்டரை வருடம் ஊரில் ஒரு சாவும் விழவில்லை. கிழவர்கள் இருமுவதைக்கூட அடக்கிக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது.

பத்தாம் வருடம் ஆனியில் கெம்பிக்கு நெஞ்சில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். படுத்தால் மூச்சு வராது என்பதால் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கல்லுக்கடியில போட்டுடாதே. கல்லு குளிரும்" என்றாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க ஒரு வழி உண்டு. என் சின்ன வயதில் பாம்பு கடித்துச் செத்துவிட்டாள் என்று குழியில் இறக்கிய ஒருத்தி, அப்பா கூடினே என்று சொன்ன பிறகு கண் திறந்தாள். அப்பா மறுபடி அவள் தலையில் கை வைத்து, பெயர் சொல்லி, கூடலை என்றார். இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அவள் எழுந்து வீட்டுக்கு வந்தாள். அப்பா மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. எந்த வாய் சொன்னதோ அதே வாய்தான் எடுக்க வேண்டும். ஆகவே நான் கல்லூரிக்குப் போனேன்.

விழா நாள் காலை. மேடைக்குப் பின்னால் ஒரு அறையில் சபாபதி சார் சால்வைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார், அந்த வருடம் ஆறு. என்னைக் கண்டதும் எழுந்து, வாங்க மல்லண்ணே, உங்களை ஒரு தடவையாவது மேடை ஏத்தணும்னு பத்து வருஷமா பார்க்கிறேன் என்றார். நான் வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்ததைச் சொன்னேன். அந்தச் சொல்லை யார் சொல்வது, யாருக்குச் சொல்வது, ஜடையனை எங்கே கிடத்தியிருக்கிறோம், கெம்பி எப்படி இருக்கிறாள். என் வாழ்நாளில் ஒருவரிடம் நான் ஒரேயடியாக அவ்வளவு பேசியது அன்றுதான்.

அவர் சாட்சி கேட்கவில்லை. கையில் இருந்த சால்வையை மடித்து வைத்தார்.

"எத்தனை பேர்?" என்றார்.

"நாற்பத்தொண்ணு."

"முதல் வருஷமே சொல்லியிருக்கலாமேண்ணே."

"பாதி சொன்னேங்க. மீதியை நீங்க கேட்கலை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே மாணவர்கள் மைக்கைச் சோதித்துக்கொண்டு அந்தச் சொல்லை நீட்டி நீட்டிச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் ஆறு சால்வையையும் பீரோவில் வைத்துப் பூட்டினார், விழாவை வேறு ஒருவரை நடத்தச் சொன்னார், என்னோடு பஸ் ஏறினார்.

பட்டியல் என்னிடம் இருந்தது. வருடப்படி, மேடையில் உட்கார்ந்த வரிசைப்படி, ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை. இரண்டாவதாக இருந்த ஜடையனுக்குக் கற்குவியல்மேல் கை வைத்துச் சொன்னார். அவனை எடுத்துப் புதைப்பதைப் பட்டியல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. ஒவ்வொரு தடவை கூடலை என்று சொல்லும்போதும் ஒரு மூட்டை தூக்கி இறக்கியவர் போல அவருக்கு மூச்சு வாங்கியது. சொல்லி முடித்ததும் அந்த ஆளை நடக்கச் சொல்லி நான் வாசல் ஈரத்தைப் பார்ப்பேன். தடம் விழுந்திருக்கும். பார்த்து ஒரு கோடு போடுவேன். முதல் நாள் ஏழு பேர். மாலையில் ஜடையன் போக மற்ற ஆறு பேரும் காலில் அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு அவரைத் திட்டினார்கள், திட்டிக்கொண்டே அவருக்குச் சோறும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள் ஆறு பேர், அதற்குமேல் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

அன்று விளக்கேற்றுகிற நேரத்தில் கெம்பி கேட்டாள்: "நாளைக்கு என்னை முதல்ல வெச்சுக்கக் கூடாதா?"

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு இருக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், வந்தது. இருமி முடித்து, "சரி, பதினேழு" என்றாள்.

வரிசையை மாற்றினால் சாரைக் கூட்டிவந்தவன் தன் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டான் என்று ஊர் சொல்லும் என்று நினைத்தேன். ஊர் சொல்லியிருக்காது. அது எனக்கு அப்போதும் தெரியும். ஒன்றுக்குப் பின் இரண்டு என்று எண்ணித்தான் எனக்குப் பழக்கம், வேறு விதமாக எண்ண எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலை பதினாறாவது ஆளான பெள்ளன் வீட்டு வாசலில் நான் குனிந்து தடம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள் வந்து நின்றாள். பெள்ளன் பெயருக்கு நேராகக் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

கெம்பி மூச்சு நின்று சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். சபாபதி சார் அவள் முன்னால் உட்கார்ந்து, இப்போதும் சொல்லலாமா என்று என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்து, கெம்பி, கூடலை என்றார். சாணி மெழுகி இரண்டு நாள் ஆன தரையில் அவள் குதிகால் மெல்ல அமுங்கியது. ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் தடத்தைப் பார்த்தேன். இடது குதிகால், வெடிப்பு மூன்று.

புதைகாட்டில் குழி வெட்டினார்கள். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. குழி அப்படியே நின்றது. இறக்கினோம். நான் உள்ளே இறங்கி அவள் தலையில் கை வைத்தேன். அந்தச் சொல்லை என் வாயால் சொல்லி நெடுநாள் ஆகியிருந்தது, காதால் கேட்டது மட்டும் வருடா வருடம், ஸ்பீக்கரில். கெம்பி என்றேன். கூடினே என்றேன். கடைசி எழுத்து என்னை மீறி மேலே ஏறி நீண்டது. கல்லூரி ராகம்.

மேலே நின்ற பிள்ளைகளில் நான்கு பேர் கைதட்டினார்கள். பழக்கத்தில் தட்டிவிட்டார்கள். அவர்கள் அம்மாக்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் அதட்டவில்லை. சபாபதி சார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான்கு ஓரமும் மண் குழிக்குள் சரிந்து என் கணுக்கால் வரை வந்தது.

ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். ஆனால் சற்றுமுன் என் வாயில் சொன்னது முன்னால் போனவர்கள் யாரும் இல்லையே, ஸ்பீக்கர்தானே என்று நினைத்தேன். இவளை அங்கே யார் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள் என்று யோசித்தேன். இவள் அம்மா வருவாள். என் மாமியாருக்குத் திக்குவாய். கெம்பியைக் கூப்பிட வேண்டுமானால் முதல் எழுத்திலேயே நின்று நின்று, அது வருவதற்குள் இவள் எழுந்து போய்விடுவாள் என்று வீட்டில் சிரிப்போம். நான் குனிந்து, நெற்றியிலிருந்து கையை எடுக்காமல், மாமியார் சொல்வது போலச் சொன்னேன்.

"கெ... கெ... கெம்பி. கூ... கூ... கூடினே."

மண் சரிவது நின்றது. என்னைக் கை கொடுத்து மேலே தூக்கினார்கள். அள்ளிப் போட்ட மண் போட்ட இடத்தில் தங்கியது. அறுபத்தெட்டுக் கூடை.

எல்லோரும் கை கழுவிய பிறகு சபாபதி சார் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இன்று வேண்டாம் சார், நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர் என்னிடம் வந்து, அடுத்தது யாரண்ணே என்று கேட்டார். மடியிலிருந்து பட்டியலை எடுத்தேன். பதினேழுக்கு நேராகக் கோடு போட்டேன். அடுத்த பெயர் நஞ்சி. பதினெட்டு, நஞ்சி என்று வாசிக்க வாயெடுத்தேன். ப... ப... என்று நின்றது. அவர் காத்திருந்தார்.